சுவரில் பூஞ்சை, வீட்டில் ஆஸ்துமா: ஏர் பியூரிஃபையர் வாங்கலாமா?

கேள்வி: என் மனைவிக்குப் பல வருடங்களாக ஆஸ்துமா. இன்ஹேலரைத் தவறாமல் எடுத்தும் அடிக்கடி மூச்சுத்திணறல் வருகிறது. படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறி, கறுப்பாகப் பூஞ்சை பிடித்திருக்கிறது. அயனைசர் (காற்றுக்கு மின்னூட்டம் தரும் கருவி) வைத்த ஏர் பியூரிஃபையர் வாங்கினால் பூஞ்சை செத்துவிடும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அந்தப் பணத்தில் முதலில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். மருந்துக்கு அடங்காத ஆஸ்துமாவுக்குப் பின்னால் பூஞ்சை ஒவ்வாமை இருப்பது அரிதல்ல. ரத்தத்தில் ஐஜிஇ (ஒவ்வாமையைக் காட்டும் எதிர்ப்புப் புரதம்) மொத்த அளவையும், ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சைக்கான ஐஜிஇ அளவையும் பார்க்க வேண்டுமா என்று நுரையீரல் மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். சிலருக்கு இந்தப் பூஞ்சை மூச்சுக்குழாய்ச் சளியிலேயே குடியேறிவிடும். அந்த ஒவ்வாமை நோயை ஏபிபிஏ (ABPA) என்பார்கள். கவனிக்காமல் விட்டால் மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாக விரிந்து கெட்டுப்போகும். கெட்டியான பழுப்புநிறச் சளி வந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். அப்படியே, இன்ஹேலரை இழுக்கும் முறை சரிதானா என்று மருத்துவர் முன்னால் ஒருமுறை மனைவியைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

பூஞ்சை மாத்திரையை மட்டும் கடையில் நேராக வாங்கிவிடாதீர்கள். இட்ராகோனசோல் என்ற பூஞ்சை மாத்திரை, புடெசோனைடு போன்ற இன்ஹேலர் ஸ்டீராய்டுகளை உடம்பில் தேங்க வைத்துவிடும். அதன் பக்கவிளைவுகள் மோசமானவை.

சரி, பியூரிஃபையர். பூஞ்சையைப் பரப்பும் ஆஸ்பர்ஜில்லஸ் வித்து 2 முதல் 3 மைக்ரான்தான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). உண்மையான ஹெப்பா ஃபில்டர் 0.3 மைக்ரான் துகளிலேயே 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் என்பதால் காற்றில் மிதக்கும் வித்துகளை நன்றாகவே குறைக்கும். ஆனால் சுவர் ஈரமாக இருக்கும்வரை புதிது புதிதாக வித்து வந்துகொண்டே இருக்கும். பூஞ்சை செத்தாலும் அதன் துகள்கள் ஒவ்வாமையைத் தூண்டும். அதனால் ‘கொல்லும்’ என்ற விளம்பரத்துக்குப் பணம் கொடுக்க வேண்டாம். அயனைசர்கள் சில ஓசோன் வாயுவை வெளிவிடும். ஆஸ்துமாக்காரர் மூச்சுக்குழாய்க்கு அது எரிச்சல்.

முதலில் தண்ணீர் எங்கிருந்து கசிகிறது என்று கண்டுபிடித்து அடையுங்கள். ஒரு ஹைக்ரோமீட்டர் வாங்கி, அறையின் ஈரப்பதம் 50 சதவீதத்தைத் தாண்டாமல் பாருங்கள். அப்புறமும் பியூரிஃபையர் வேண்டுமென்றால் ‘ஹெப்பா டைப்’ என்று எழுதியிருப்பதை (அது உண்மையான ஹெப்பா என்று உறுதியில்லை) ஒதுக்கிவிட்டு, அறையின் அளவுக்கு ஏற்ற சிஏடிஆர் (சுத்தமான காற்றை எவ்வளவு வேகத்தில் தருகிறது என்ற அளவு) உள்ளதை, மாற்று ஃபில்டரின் விலையையும் கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

சுவரைச் சுரண்டும் நாளில் உங்கள் மனைவி வீட்டில் இருக்கவே கூடாது. சுரண்டுபவர் என்95 முகக்கவசம் போட்டுக்கொள்ளட்டும்.