மொரீஷியஸில் நாடாளுமன்றத்தில் மட்டும் பெண்கள் ஏன் குறைவு?

நகரமன்றத் தேர்தலில் பெண்களுக்கு ஒதுக்கீடு வந்த பிறகும் ஏன் இப்படி என்று ஒருவர் கேட்டிருந்தார். ஒதுக்கீடு வந்தது சரிதான். 2011 உள்ளாட்சிச் சட்டப்படி ஒரு கட்சியோ குழுவோ நிறுத்தும் வேட்பாளர்களில் ஒரே பாலினத்தவர் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டக் கூடாது. 24 பேரை நிறுத்தினால் 8 பெண்களாவது வேண்டும். அதற்கு வழிவிட, பாகுபாடு காட்டும் சட்டங்களைத் தடுக்கும் அரசியலமைப்பின் 16ஆம் பிரிவையே திருத்தினார்கள். 2012 தேர்தலிலேயே மாற்றம் கண்ணுக்குத் தெரிந்தது.

ஆனால் அந்தச் சட்டம் நாடாளுமன்றத் தேர்தலைத் தொடவில்லை. முடிச்சு அங்கேதான். தீவில் 20 தொகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 3 உறுப்பினர்கள். கட்சித் தலைமை அந்த மூன்று பெயர்களுக்குள் மதம், சாதி, மொழி என்று எல்லாக் கணக்கையும் அடைக்கிறது. எங்கள் ஆள் ஒருவர் வேண்டும் என்று தமிழர் தரப்பிலிருந்தும் குரல் எழும். அந்த 'ஆள்' பெரும்பாலும் கோயில் நிர்வாகத்திலோ சங்கத்திலோ முகம் தெரிந்த ஆணாகவே இருப்பார். காவடிக்கும் அன்னதானத்துக்கும் உழைக்கும் பெண்கள் தலைவர் நாற்காலிக்கு வராதவரை, சிபாரிசுப் பட்டியலிலும் வரமாட்டார்கள்.

நாடாளுமன்றத்தில் தோற்ற வேட்பாளர்களிலிருந்து நிரப்பும் கூடுதல் இடங்களும் (அதிகபட்சம் 8) எந்தச் சமூகத்துக்குப் பிரதிநிதிகள் குறைவு என்ற கணக்குப்படி போகின்றன. பாலினம் அதில் சேர்த்தியே இல்லை. இதில் தமிழர் தனியாகக்கூட அல்ல, இந்துப் பிரிவில் அடக்கம்.

2015இல் அமீனா குரிப்-ஃபாகிம் என்ற பெண் குடியரசுத் தலைவரானதைச் சிலர் பதிலாகக் காட்டுவார்கள். அந்தப் பதவிக்கு மக்கள் வாக்களிப்பதில்லை, நாடாளுமன்றமே தேர்ந்தெடுக்கிறது.

'தகுதியான பெண் கிடைக்கவில்லை' என்பது என் கணிப்பில் சாக்கு. மூன்று பெயரில் ஒன்று பெண் என்று விதி வந்தால் கிடைத்துவிடுவார்கள், நகரமன்றத்துக்குக் கிடைத்தார்களே.