கோபுரத்து டீசலும் மழைக் கணக்கும்

கேள்வி: எங்கள் தெருவில் ஒரு வீட்டு மாடியில் கைப்பேசிக் கோபுரம் உள்ளது. கரண்ட் நின்றதும் அதன் ஜெனரேட்டர் புகையைக் கக்குகிறது. பருவநிலை மாற்றத்தை எதிர்கொள்ளத் தொலைத்தொடர்பு நிறுவனங்களால் ஏதேனும் செய்ய இயலுமா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: இயலும், தொடங்க வேண்டிய இடமும் அந்த ஜெனரேட்டர்தான். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. லித்தியம் பேட்டரியும், இடமுள்ள மாடிகளில் சோலார் தகடுகளும் பொருத்தினால் புகையோடு இரைச்சலும் குறையும். அழைப்புகள் அருகிவிடும் பின்னிரவில் கருவிகள் சிலவற்றை நிறுத்திவைக்கும் வசதியும் இன்று உண்டு.

இதைவிட முக்கியமாக நான் கருதுவது மழைக் கணக்கை. கோபுரத்திலிருந்து கோபுரத்துக்குச் செல்லும் நுண்ணலை மழையில் வலுவிழக்கும் என்பதால், அந்த இழப்பை அளந்தே எப்பகுதியில் எவ்வளவு மழை பெய்கிறது என மதிப்பிடலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் புகுந்த எண்ணூர்க் கழிமுகத்து மக்களுக்கு, இத்தகைய கணக்கும், அப்பகுதியிலுள்ள கைப்பேசிகள் அனைத்துக்கும் ஒரே நேரத்தில் சென்றடையும் எச்சரிக்கையும் எத்துணை அவசியம்! அதற்குக் கோபுரம் அணையாதிருக்க வேண்டும்; பேட்டரிகளை வெள்ளம் எட்டாத உயரத்தில் வைப்பது நிறுவனங்களின் கடமை.