செஸ்ஸில் 1.பி4 மாதிரி (எழுத்து நெடுவரிசை, எண் குறுக்கு வரிசை; அதாவது இடது ஓரத்திலிருந்து இரண்டாவது சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவது) ஓரத்துச் சிப்பாயை நகர்த்தித் தொடங்குவது சரிப்படுமா? ஆடிப் பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.

நாலு வருஷமாக வெள்ளைக்காய் கிடைத்தால் எனக்கு அதுதான் முதல் நகர்த்தல்.

ஊர் நீடாமங்கலம் பக்கம். சதுரங்கம் ஆடி ஜெயித்து அம்பாளைக் கைப்பிடித்த சதுரங்க வல்லபநாதர் குடியிருக்கும் பூவனூர் எங்களுக்குக் கூப்பிடு தூரம். 2022 மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாடின்போது அந்தக் கோயில் செய்தியில் அடிபட்டது. அதற்காக எங்கள் ஊரில் எல்லோரும் புலி என்று நினைத்துவிடாதீர்கள். நான் உரக்கடை வைத்திருப்பவன். மேட்டூர் திறந்து குறுவை வேலை தொடங்கினால் சம்பா அறுப்பு வரை தலை நிமிர முடியாது. இதில் சிசிலியன் மாதிரி பிரபலமான தொடக்கத்தை இருபது நகர்த்தல் மனப்பாடம் செய்ய எங்கே போவது? பி4-க்கு வந்தது அப்படித்தான்.

முதல் தடவை வைத்தபோது சித்தப்பா கேட்டார்: "ஏன்டா, நடுவயல் சும்மா கிடக்க வரப்புல போய் நடவு போடுற?"

"வரப்புல உளுந்து போடுறதில்லையா சித்தப்பா?" என்றேன். அந்த ஆட்டத்தில் உளுந்தும் போச்சு, வரப்பும் போச்சு. அது வேறு கதை.

விஷயம் இதுதான். கறுப்பு பெரும்பாலும் இ5 என்று, ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, பதில் சொல்லும். நீங்கள் பிஷப்பை பி2-வில் வைப்பீர்கள். அவர் பி4 சிப்பாயை வெட்டுவார், நீங்கள் இ5 சிப்பாயை வெட்டுவீர்கள். ஓரத்துச் சிப்பாயைக் கொடுத்து நடுச் சிப்பாயை வாங்கியாயிற்று, நல்ல வியாபாரம். இந்த இடத்தில் எதிராளி யோசிக்காமல் குதிரையை சி6-இல் வைத்தால், உங்கள் பிஷப் ஜி7-ஐ வெட்டி மூலையில் இருக்கும் யானையையும் பிடித்துவிடும். டீக்கடை ஆட்டத்தில் இப்படி எத்தனை யானை பிடித்தேன் என்று கணக்கே இல்லை.

ஆனால் அந்த வியாபாரத்துக்கு வட்டி உண்டு. கறுப்பு ஒழுங்காகக் குதிரையை எஃப்6-இல் வைத்து, கோட்டை கட்டி (ராஜாவை ஓரத்துக்குக் கொண்டுபோய் யானையைப் பக்கத்தில் நிறுத்தி), யானையை இ8-க்குக் கொண்டுவந்துவிட்டால், காய்களை வெளியே எடுப்பதில் அவர் முந்திவிடுவார். கும்பகோணத்தில் ஒரு ரேபிட் (குறைந்த நேர) போட்டியில் பத்து வயசுகூட இருக்காது, ஒரு பையன். எனக்கு சி4, இ3 எல்லாம் போட்டாகிவிட்டது; ராஜா மட்டும் இ1-லேயே நிற்கிறார். நானோ ஏ3 போட்டு அவன் பிஷப்பை விரட்டிக்கொண்டிருந்தேன். அவன் டி5-டி4 என்று ஒரு தள்ளு தள்ளினான். இ வரிசை திறந்தது, ராஜா நடுத்தெருவில். பையன் கையெழுத்துப் போட்டுவிட்டு அம்மாவிடம் குச்சி ஐஸ் கேட்கப் போய்விட்டான். அன்றிலிருந்து பி4 ஆடினால் இ3, பிஷப் இ2, உடனே கோட்டை. மற்றதெல்லாம் அப்புறம்.

இ5 சிப்பாயை எஃப்6 போட்டுக் காப்பவர்களும் உண்டு. அப்போது பி5 தள்ளிவிட்டு நிதானமாக ஆட வேண்டியதுதான்.

பெரிய ஆட்டக்காரர்கள் ஆடியதில்லையா என்று கேட்பீர்கள். 1924-இல் நியூயார்க்கில் டார்ட்டகோவர், மிருகக்காட்சிசாலையில் ஒராங்குட்டானைப் பார்த்துவிட்டு வந்து மரோட்சிக்கு எதிராக இதை ஆடினார். ஒராங்குட்டான் தொடக்கம் என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. ஆட்டம் என்னவோ தோல்விதான். சோவியத்தின் சொகோல்ஸ்கி இதற்காகத் தனிப் புத்தகமே எழுதினார். பக்கத்து வீடான 1.பி3 இதைவிட கௌரவமானது, டென்மார்க்கின் லார்சனின் பெயரையே தாங்கியது. அதை ஆடிய அவரையே 1970-இல் பெல்கிரேடில் அப்போதைய உலக சாம்பியன் ஸ்பாஸ்கி பதினேழே நகர்த்தலில் சுருட்டிவிட்டார்.

பிளிட்ஸ் (சில நிமிஷ ஆட்டம்), ரேபிட் என்றால் தைரியமாக ஆடுங்கள். எதிராளி முதல் நிமிஷத்திலேயே மூக்கைச் சொறிய ஆரம்பிப்பார். ரேட்டிங் (தரப்புள்ளி) போகிற நீண்ட ஆட்டத்தில், பயிற்சியாளரிடம் படித்த பிள்ளைகளிடம், நான் இப்போதெல்லாம் பி3 தான் வைக்கிறேன். சித்தப்பாவிடம் மட்டும் இன்னும் பி4. அவர் சி6 போட்டுவிட்டு, "உளுந்து விலை என்னடா இப்ப?" என்பார்.