திகில் கேமுக்கு கவர் படம்: கேட்டவர்களுக்குப் பதில்

கோத்தகிரியில் இருந்துகொண்டு கேம்களுக்கு கவர் படம் வரைவது என் தொழில். ஸ்டீம், இட்ச் போன்ற கடைகளில் திகில் கேம் வெளியிடப்போகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில், மற்றவர்களுக்கும் பயன்படும் என்று தோன்றியவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ஊட்டியிலிருந்து: அக்கா, ஒரே படத்தை வரைந்து எல்லா அளவுக்கும் வெட்டிக்கொண்டால் போதாதா?

போதாது தம்பி. ஸ்டீம் கேட்கும் அளவுகளைப் பாருங்கள். கடையில் கேமுக்காகக் காட்டும் கவர் படத்தை அங்கே கேப்சூல் என்பார்கள். கேமின் பக்கத்தில் மேலே வரும் ஹெடர் கேப்சூல் 920×430 பிக்சல். தேடல் பட்டியலில் வரும் சின்னது 462×174. கடை முகப்பில் வருவது 1232×706. நெட்டையாக ஒன்று 748×896. வாங்கியவரின் லைப்ரரிக்கு 600×900, அப்புறம் எழுத்தே இல்லாமல் 3840×1240 அளவில் ஓர் அகலப் படம். சில படுத்திருக்கின்றன, சில நிற்கின்றன. ஒரே படத்தை வெட்டினால் ஒன்றில் ஆளின் தலை போகும், இன்னொன்றில் பெயர் போகும். ஆள், பின்னணி, பெயர் மூன்றையும் தனித்தனி லேயரில் வைத்து வரையுங்கள். ஒவ்வோர் அளவுக்கும் நகர்த்தி அடுக்கிக்கொள்ளலாம்.

எதில் தொடங்குகிறோம் என்பதும் முக்கியம். பெரிய படத்தை ஆசை ஆசையாக வரைந்து முடித்துவிட்டுக் கடைசியில் சுருக்குபவர்கள்தான் அதிகம். நான் சின்னதில்தான் தொடங்குவேன். 462×174 படம் சில இடங்களில் 120×45 வரைக்கும் சுருங்கித் தெரியும். அந்த அளவில் பெயரும் ஒரே ஓர் உருவமும் நின்றாலே பெரிய விஷயம். அதனால் சின்ன கேப்சூலில் பெயரே இடத்தை அடைத்துக்கொள்ளட்டும். அழகான பின்னணி போய்விடுகிறதே என்று வருத்தப்படாதீர்கள், அதற்குப் பெரிய அளவுகள் இருக்கின்றன.

குன்னூரிலிருந்து: எங்கள் கேம் முழுக்க மூடுபனியில் நடக்கிறது. கவரிலும் பனியைத்தான் வரைந்தோம். சுருக்கினால் சாம்பல் பூசிய மாதிரி இருக்கிறது. இருட்டாக்கிவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். உங்களிடம் இருப்பதிலேயே நல்ல விஷயம் அந்தப் பனிதான். ஸ்டீம் பக்கத்தின் பின்னணியே கருநீலம். திகில் பிரிவைத் திறந்தால் கறுப்பும் சிவப்புமாகப் படங்கள் வரிசை கட்டி நிற்கும். அங்கே இன்னோர் இருட்டுப் படம் வைத்தால் அதன் ஓரம் எங்கே முடிகிறது என்றே தெரியாது. வெளிறிய பனி அந்த வரிசையில் தனியாகத் தெரியும்.

சாம்பலாகத் தெரிவதற்குக் காரணம், பனியை எல்லாவற்றுக்கும் மேலே ஒரே சீராகப் பூசியிருப்பீர்கள். பனி அப்படி இருப்பதில்லை. காலையில் சிம்ஸ் பார்க் பக்கம் போய் நின்று பாருங்கள். கிட்டத்தில் இருக்கும் மரம் கன்னங்கரேல் என்று இருக்கும். அடுத்தது சாம்பல். அதற்கும் பின்னால் இருப்பது இருக்கிறதா இல்லையா என்றே சொல்ல முடியாது. காற்றில் மிதக்கும் நீர்த்துளிகள் வெளிச்சத்தைச் சிதறடிக்கின்றன. தூரம் கூடக்கூட நடுவில் துளிகளும் கூடும், பொருள் வெளுத்துக்கொண்டே போகும். ஆகவே மூன்றே நிறத்தரம் வைத்துக்கொள்ளுங்கள்: முன்னால் ஏறக்குறைய கறுப்பு, நடுவில் சாம்பல், பின்னால் ஏறக்குறைய வெள்ளை. கண்ணில் முதலில் படவேண்டிய உருவம் முன் அடுக்கில், ஓரம் உடையாமல் இருக்கட்டும். பயமுறுத்த வேண்டியதை நடு அடுக்கில் வையுங்கள்.

உதாரணத்துக்கு, முதுகில் கொழுந்துக் கூடையோடு ஒரு பெண் முதுகு காட்டி நிற்கிறாள், முழுக் கறுப்பு. அவளுக்கு எதிரே தேயிலைச் செடிகளுக்கு நடுவே இன்னும் நாலு பேர் அதே மாதிரி கூடையோடு, சாம்பலில். அதில் ஒருத்தி மட்டும் மற்றவர்களைவிட ஓர் ஆள் உயரம் கூடுதல். சுருக்கிய படத்தில் கறுப்புப் பெண் மட்டும் தெரிவாள். பக்கத்தைத் திறந்து பெரிதாகப் பார்க்கும்போதுதான் அந்த நெட்டைக்காரி தெரிவாள். ஒரே படம் இரண்டு வேலை செய்கிறது.

நிறம் சேர்ப்பதானால் ஒரே ஒரு சூடான நிறம். டீ ஃபேக்டரி வாசலில் எரியும் மஞ்சள் பல்பு போதும். முடித்ததும் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, சுருக்கி, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள். அப்போதும் உருவம் தனியாகப் பிரிந்து தெரிந்தால் படம் தேறிவிட்டது.

கொடைக்கானலிலிருந்து: பைன் காடு, முழுநிலவு, ரத்தம் வழியும் கை வைத்திருக்கிறேன். என்ன குறை?

கை நன்றாக வரைந்திருக்கிறீர்கள். ஆனால் எந்த ஊர்க் கேம் என்று படம் சொல்லவில்லை. பைன் காடும் நிலவும் உலகத்தில் பாதித் திகில் கேம்களில் இருக்கின்றன. கோரமான ரத்தம் இன்னொரு சிக்கல். கேப்சூல் எல்லோர் கண்ணிலும் படுவது, அதனால் பொதுப் பார்வைக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்பது ஸ்டீமின் விதி.

நம் மலைகளில் மட்டும் இருப்பதைத் தேடுங்கள். சோலைக்காட்டு மரம் நேராக வளராது. குட்டையாக, முறுக்கிக்கொண்டு, பாசி தொங்க நிற்கும். டிசம்பர், ஜனவரியில் புல்வெளி மேல் உறைபனி வெள்ளையாகப் படர்ந்திருக்க, அதில் ஒருவழிக் காலடித் தடம் மட்டும் வரைந்து பாருங்கள். நீலகிரி ரயிலை எடுத்தால், கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் தண்டவாளங்களுக்கு நடுவே பல் பல்லாக ஓடும் ரேக் இருக்கிறதே, அந்த வடிவம் எவ்வளவு சுருக்கினாலும் தெரியும். வெளியூர்க்காரருக்கு அது என்னவென்று புரியாவிட்டாலும் பரவாயில்லை. முன்பின் பார்க்காத வடிவம் என்பதாலேயே ஸ்க்ரோல் செய்யும் கையை நிறுத்திப் பார்ப்பார்கள்.

ஊட்டியிலிருந்து வேறொருவர்: தோடர்களின் குடியிருப்பான மந்து என்பதையும் அவர்கள் எம்பிராய்டரியையும் ஒரு மர்மக் கூட்டத்தின் இடமாகக் காட்டலாமா?

கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. அவர்கள் நம் பக்கத்தில் வாழும் மக்கள். மந்துக் கோயில் அவர்களுக்குப் புனிதமானது. வெள்ளைத் துணியில் சிவப்பு, கறுப்பு நூலில் போடும் அந்த வேலைப்பாடு 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதைப் பேய்க்கூட்டத்தின் அடையாளமாக்கி உலகம் முழுக்க விற்கும் கடையில் ஒட்டினால், நம்மைத் தெரியாதவர்கள் முதன்முதலில் அவர்களைப் பற்றி அறிவதே அதுவாகிவிடும். உங்கள் கூட்டத்துக்கு நீங்களே ஒரு சின்னம் உருவாக்குங்கள். சொந்தமாக யோசித்தது கவரிலும் புதிதாகத் தெரியும்.

கூடலூரிலிருந்து: கேமின் பெயர் தமிழில் இருக்கிறது. ரத்தம் சொட்டும் எழுத்து போட்டேன், யாருக்கும் படிக்க முடியவில்லை.

தமிழ் எழுத்துக்கு அந்தப் பாணி ஒத்துவராது. சொட்டுச் சொட்டாக விழுவது மெய்யெழுத்தின் புள்ளி போலவே தெரியும், உண்மையான புள்ளி எது என்று கண் தடுமாறும். ண, ன போன்றவற்றின் சுழிகள் சுருக்கியதும் அடைபட்டுவிடும். தடித்த, நேரான எழுத்தை எடுத்துக்கொண்டு, ஒரே ஓர் எழுத்தில் மட்டும் கை வையுங்கள். ஒரு கொம்பை நீட்டலாம், ஒரு காலை உடைக்கலாம். மற்ற எழுத்துகள் ஒழுங்காக இருந்தால்தான் அந்த ஒன்று உறுத்தும். எழுத்துக்குப் பின்னால் பனியோ இருட்டோ ஏதாவது ஒன்று சமமாக இருக்கட்டும். இலை, கிளை மேல் பெயரை எழுதாதீர்கள்.

கோத்தகிரியிலிருந்து: போட்டியில் வாங்கிய பரிசையும் 'டெமோ வந்துவிட்டது' என்பதையும் கவரில் போடலாமா?

ஸ்டீமில் முடியாது. 2022 செப்டம்பர் 1 முதல் கேப்சூலில் படம், பெயர், அதிகாரபூர்வ துணைத்தலைப்பு தவிர வேறு எதுவும் கூடாது. பரிசை விவரப் பகுதியில் எழுதுங்கள்.

பண்ணைக்காட்டிலிருந்து: காசு இல்லை. ஏஐ வைத்துச் செய்துவிடட்டுமா?

செய்தால் மறைக்காதீர்கள். 2024 ஜனவரி முதல் ஏஐ பயன்படுத்திய விவரத்தை ஸ்டீம் கேட்டு வாங்கி, உங்கள் பக்கத்திலேயே காட்டுகிறது. அதைப் பார்த்ததும் திரும்பிப் போகிற ஆட்களும் இருக்கிறார்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தால், வீட்டுக்கு மேலே இருக்கும் காட்டை மழைநாளில் போனில் படம் எடுத்து, நிறத்தரத்தை மூன்றாகக் குறைத்து, முன்னால் ஒரு கறுப்பு உருவத்தை வெட்டி வைப்பேன். வரையத் தெரியாதவராலும் அது முடியும்.

குன்னூரிலிருந்து: கேம் பழைய பிளேஸ்டேஷன் மாதிரி கட்டம் கட்டமாக இருக்கும். கவரை அழகாக ஓவியமாக வரைந்தால் ஏமாற்றுவது ஆகாதா?

ஆகாது. கவருக்கு அடுத்து ஸ்க்ரீன்ஷாட்டுகளைப் பார்த்துவிடுவார்கள். மனநிலை மட்டும் பொருந்த வேண்டும். மெதுவாக நடந்து தேடுகிற கேமுக்குத் துப்பாக்கி பிடித்த ஆளை வரைந்தால்தான் ஏமாற்று.

ஊட்டியிலிருந்து: நன்றாக வந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நண்பர்கள் எல்லோரும் சூப்பர் என்கிறார்கள்.

நண்பர்களிடம் நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் ஆம் என்றுதான் சொல்வார்கள். ஸ்டீமில் திகில் பட்டியலை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, நடுவில் ஒரு படத்தின் மேல் உங்களுடையதை ஒட்டுங்கள். கேம் பற்றித் தெரியாத ஒருவருக்கு ஒரு நொடி காட்டி போனை மூடிவிடுங்கள். என்ன பெயர், எது கண்ணில் பட்டது, என்ன மாதிரிக் கேம் என்று மூன்றும் கேளுங்கள். பெயர் தவறாக வந்தால் எழுத்தைத் திருத்துங்கள். சண்டைக் கேம் என்று சொன்னால் உருவத்தை மாற்றுங்கள். இட்சுக்கு 630×500 என்பதால் அதற்கும் தனியாக ஒருமுறை பாருங்கள்.

இதையெல்லாம் 'விரைவில் வருகிறது' பக்கம் போடும் முன்பே செய்துவிடுங்கள். விஷ்லிஸ்ட், அதாவது பிறகு வாங்கலாம் என்று ஆட்கள் குறித்துவைக்கும் பட்டியல், சேரத் தொடங்குவது அன்றிலிருந்துதான். பிறகும் படத்தை மாற்றலாம், ஆனால் பார்த்துவிட்டுக் கடந்து போனவர்கள் திரும்ப வருவது கடினம்.