ராத்திரிக் காற்றில் கட்டுங்கள்

கேள்வி: வணக்கம் டாக்டரம்மா. வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து பெங்களூருவில் 20 வருஷமாக மாடு வைத்திருக்கிறோம். இப்போது இரண்டு எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்புப் பசுக்கள். சித்திரை பிறந்ததிலிருந்து பெரியவள் 14 லிட்டரிலிருந்து 9 லிட்டருக்கு இறங்கிவிட்டாள். மத்தியானம் வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறாள், நுரை ஒழுகுகிறது, படுப்பதேயில்லை. உடம்பு கொதிக்கிறதே என்று இரண்டு தரம் காய்ச்சல் ஊசி போட்டாயிற்று. பக்கத்து வீட்டுக்காரர் ஈரச் சாக்கைப் போர்த்தச் சொல்கிறார். போர்வெல் வற்றி டேங்கர் தண்ணீர்தான். என்ன செய்யட்டும்?

ஒரு வாசகி, கே.ஆர். புரம்

பதில்: முதலில் ஊசியை நிறுத்துங்கள் அம்மா. நாளை விடியற்காலை ஐந்து மணிக்குத் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். 101.5 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டி இருந்தால், மத்தியானம் ஏறுவது வெயில் சூடு. அதைக் காய்ச்சல் ஊசி இறக்காது. விடியலிலும் 103-க்கு மேல் காட்டினால் நிஜக் காய்ச்சல். கோடையில் உண்ணி பெருகும், அது கடித்தும் காய்ச்சல் வரும். காதடியிலும் மடிச்சந்திலும் தேடிப் பாருங்கள், அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்கு வெப்ப அயர்ச்சி என்றுதான் படுகிறது. விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் எண்ணுங்கள். 60-ஐத் தாண்டினால் அயர்ச்சி தொடங்கிவிட்டது. 100-ஐ நெருங்கினாலோ, நாக்கு தொங்கினாலோ, தள்ளாடினாலோ தண்ணீர் ஊற்றிக்கொண்டே மருத்துவருக்குப் போன் செய்யுங்கள்.

சாக்கு வேண்டாம். படித்து முடித்த புதிதில், மர்பி டவுனில் என் அம்மா வைத்திருந்த பசுவுக்கு நானே ஈரச் சாக்கு போர்த்தச் சொன்னேன். அரை மணியில் அது காய்ந்து கம்பளியாகிவிட்டது. அம்மாதான் அதை உருவி எறிந்துவிட்டு, பசுவை நனைத்து டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தார். கொஞ்ச நேரத்தில் மூச்சு தணிந்தது. தோலிலிருந்து ஈரம் ஆவியாகும்போதுதான் சூடு வெளியேறும். சாக்கு அந்த வழியை அடைத்துவிடுகிறது. 12 மணியிலிருந்து 4 மணி வரை, அரை மணிக்கொரு தரம் கழுத்து, முதுகு, விலா எல்லாம் தோல்வரை நனைகிற மாதிரி ஊற்றி ஃபேனைப் போடுங்கள். ஒரு தரத்துக்கு அரை வாளி போதும், டேங்கர் தண்ணீரும் மிச்சம். மூடிய கொட்டகையில் ஃபேன் இல்லாமல் தண்ணீர் மட்டும் தெளித்தால் புழுக்கம் கூடி இன்னும் கெடும்.

எச்.எஃப். குளிர்நாட்டு மாடு. வெயில் 25 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே அதற்குச் சிரமம். பெங்களூருவிலோ 2016 ஏப்ரலில் 39.2 டிகிரி பதிவாயிற்று. ஆனால் நம் ஊருக்கு ஒரு பலம் உண்டு. கடுங்கோடையிலும் ராத்திரி பெரும்பாலும் 22, 23-க்கு இறங்கிவிடும். அந்தக் குளிர்ச்சியை மாட்டுக்குக் கொடுக்காமல், சீட் கூரைக்கடியில் மூன்று பக்கம் சுவர் வைத்துப் பூட்டிவிடுகிறோம். பகலெல்லாம் சூடேறிய கூரையும் சுவரும் ராத்திரியும் அனலடிக்கின்றன. பார்க்கவே எனக்கு மனசு வலிக்கும். பால் கறந்ததும் வெளியே, காற்று வருகிற இடத்தில் கட்டுங்கள். அவள் படுப்பாள், அசை போடுவாள்.

தீனியும் அப்போதுதான். காலை பத்து மணிக்குத் தட்டையைப் போட்டால், வயிற்றில் அது நொதித்துக் கிளப்பும் சூடு உச்சிவெயிலோடு சேர்ந்துகொள்ளும். மூன்றில் இரண்டு பங்கைச் சாயங்காலத்துக்கு மேல் வையுங்கள், மீதியை விடியலில். பகலில் கொஞ்சம் பச்சைப்புல் போதும். நுரையோடு எச்சிலிலுள்ள சோடா உப்பும் ஒழுகிப் போவதால் பால் சங்கத்தில் ஃபேட் (கொழுப்பு) குறைந்து காட்டும். ஒரு மாட்டுக்குத் தினம் சமையல் சோடா 50 கிராம், தாது உப்புக் கலவை 50 கிராம், இரண்டு வேளையாகப் பிரித்துத் தீவனத்தில் கலந்து கொடுங்கள்.

டேங்கர் தண்ணீரைக் கறுப்பு டிரம்மில் வெயிலிலா வைத்திருக்கிறீர்கள்? சுட்ட தண்ணீரை மாடு மோந்துவிட்டு நகர்ந்துவிடும். கறவைப் பசு இந்த வெயிலில் 70 முதல் 100 லிட்டர் வரை குடிக்கும். சிமெண்ட் தொட்டியை நிழலுக்கு மாற்றுங்கள்.

இளையவளுக்குச் சினை ஊசி போட வேண்டியிருந்தால், பருவ அறிகுறியை ராத்திரியிலும் விடியலிலும் பாருங்கள். இந்த வெயிலில் பகலில் வெளியே தெரியாமலே போய்விடும். ஒரு வாரம் இப்படிச் செய்து, காலை மாலைப் பால் அளவையும் விடியல் சூட்டையும் குறித்து எனக்கு எழுதுங்கள் அம்மா.