லேசிக் முடிந்து பத்து நாள்: பார்வை தெளிந்துவிட்டது, கண் ஆறிவிட்டதா?

கேள்வி: எனக்கு வயது 29. இரண்டு கண்ணிலும் மைனஸ் 5 பவர் இருந்தது. பத்து நாளைக்கு முன் லேசிக் செய்துகொண்டேன். மறுநாளே கண்ணாடி இல்லாமல் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் கம்ப்யூட்டரில் வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் எழுந்தால் எழுத்து மங்குகிறது. வலது கண்ணைவிட இடது கண் சற்று மந்தம். இரவில் விளக்குகளைச் சுற்றி வளையம் தெரிகிறது. சில நாள் முன்பு தூக்கத்தில் கண்ணைக் கசக்கிவிட்டேன், அதிலிருந்து பயம் போகவில்லை. ஸ்டீராய்டு சொட்டு மருந்தை எப்போது நிறுத்தலாம்? ஜிம், நீச்சல் எப்போது தொடங்கலாம்? லேசர் செய்துகொண்ட என் தோழிக்கு முதல் சில நாள் கண்ணைத் திறக்கவே முடியவில்லை. எனக்கு வலியே இல்லை. இது சரிதானா?

பதில்: தோழியின் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். அவருக்கு நடந்தது பெரும்பாலும் லேசிக்காக இருக்காது, பி.ஆர்.கே. ஆக இருக்கும். எல்லாவற்றையும் "லேசர் ஆபரேஷன்" என்று ஒரே பெயரில் சொல்லிவிடுவதால் வரும் குழப்பம் இது. பி.ஆர்.கே.யில் கருவிழியின் (கண்ணின் முன்புறம் உள்ள கண்ணாடி போன்ற படலம், கார்னியா) மேல்தோலை அகற்றிவிட்டு லேசரைப் பாய்ச்சுவார்கள். அந்தத் தோல் திரும்ப வளர்ந்து மூட 3 முதல் 5 நாள் ஆகும். அதுவரை வலியும் கூச்சமும் நீர் வடிதலும் இருக்கும். புண்ணுக்குக் கட்டுப்போடுவது போல ஒரு கான்டாக்ட் லென்ஸை மேலே வைத்திருப்பார்கள். பார்வை முழுதாகத் தெளியச் சில வாரங்கள், சிலருக்கு 3 மாதம்கூட ஆகும்.

லேசிக்கில் மேல்தோலை எடுப்பதில்லை. கருவிழியின் மேற்பகுதியில், ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் கனத்துக்கு, ஒரு மடலை வெட்டித் திருப்பி, அடியில் லேசரைப் பாய்ச்சிவிட்டு மறுபடி மூடிவிடுவார்கள். வெளியே தெரியும் காயம் மடலின் ஓரம் மட்டும்தான். மேல்தோல் அதை ஒரு நாளில் மூடிவிடும். உங்களுக்கு வலி இல்லாதது அதனால்தான். ஸ்மைல் என்ற இன்னொரு முறையில் மடலே கிடையாது. 2 முதல் 4 மில்லிமீட்டர் நீளமுள்ள சின்னக் கீறல் வழியாக உள்ளிருந்து மெல்லிய ஒரு தட்டை உருவி எடுப்பார்கள். அதில் பார்வை லேசிக்கைவிடச் சில நாள் பிந்தித் தெளியும். ஆகவே உங்கள் அனுபவத்தைத் தோழியோடு ஒப்பிடாதீர்கள்.

(லேசர் பாயும்போது கருகல் வாசனை வந்ததே, கண் வெந்துவிட்டதா என்று பலர் கேட்பார்கள். நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இதற்குப் பயன்படும் எக்ஸைமர் லேசர் 193 நானோமீட்டர் புற ஊதாக் கதிர். அது திசுவைச் சுடுவதில்லை, மூலக்கூறுகளின் பிணைப்பை அறுத்து, தொட்ட இடத்தை மட்டும் ஆவிபோல வெளியேற்றுகிறது. பக்கத்துத் திசு அப்படியே இருக்கும். 1981இல் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் ரங்கசாமி ஸ்ரீனிவாசனும் அவருடைய சகாக்களும் கண்டுபிடித்தது இதைத்தான்.)

சரி, உங்கள் கண்ணுக்கு வருவோம். வலி இல்லாததும் மறுநாளே தெரிந்ததும் நல்லதுதான். ஆனால் லேசிக்கில் பார்வை ஒரு வேகத்தில் வரும், கண் வேறு வேகத்தில் ஆறும். லேசர் கருவிழியின் வளைவை மாற்றியவுடனே எழுத்து தெரிய ஆரம்பித்துவிடுகிறது. மடலின் ஓரம் மூட ஒரு நாள் போதும். அறுபட்ட நரம்புகள் மறுபடி வளர 6 மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும். மடலுக்கும் அதன் அடிப்பகுதிக்கும் இடையில் உள்ள ஒட்டு பழைய பலத்துக்குத் திரும்புவதே இல்லை. கருவிழியில் ரத்தக்குழாய் கிடையாது, தோலில் ஏற்படுவது போல உறுதியான தழும்பு நடுவில் உண்டாகாது. "மறுநாளே வேலைக்குப் போகலாம்" என்ற விளம்பர வாசகம் பொய்யில்லை, ஆனால் பாதிதான். போகலாம். கண் ஆறிவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை.

சாயங்காலம் மங்குவது இந்த நரம்புக் கதையின் ஒரு பகுதி. உடலிலேயே நரம்புகள் மிக நெருக்கமாக உள்ள இடங்களில் ஒன்று கருவிழி. மடலை வெட்டும்போது அவற்றில் பெரும்பாலானவை அறுந்துவிடுகின்றன. கண் காய்ந்தால் "கண்ணீர் அனுப்பு, இமை கொட்டு" என்று சொல்ல வேண்டியவை அவைதான். சொல்ல ஆளில்லாமல் கண்ணீர் குறைகிறது, இமைக்கும் எண்ணிக்கையும் குறைகிறது. திரையைப் பார்க்கும்போது யாருக்குமே இமைப்பு பாதிக்கும் கீழே போய்விடும். உங்களுக்கு நரம்பு அறுந்ததும் திரை வேலையும் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. கண்ணின் மேல் படர்ந்திருக்கும் கண்ணீர்ப் படலம்தான் ஒளி முதலில் தொடும் பரப்பு. அது திட்டுத்திட்டாகக் காய்ந்தால் லேசர் எவ்வளவு துல்லியமாகச் செய்திருந்தாலும் எழுத்து மங்கத்தான் செய்யும்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். மங்கும் நேரத்தில் பத்துத் தடவை நன்றாக, இமை முழுசாக மூடும்படி கண்ணைக் கொட்டுங்கள். அல்லது செயற்கைக் கண்ணீர் ஒரு சொட்டு விடுங்கள். சில நொடிகளுக்காவது எழுத்து தெளிந்தால் பிரச்சினை பவரில் இல்லை, வறட்சியில். எவ்வளவு கொட்டினாலும் ஒரே மாதிரி மங்கலாக இருந்தால் அதைக் குறித்து வைத்துக்கொண்டு டாக்டரிடம் சொல்லுங்கள்.

வறட்சி என்றால் உறுத்தல் இருக்க வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். உணர்ச்சி நரம்பே மந்தமாக இருக்கும்போது காய்வது தெரியாது. சிலருக்கு நேர்மாறாக நீர் கொட்டும், அதுவும் வறட்சிதான். ஆகவே தோன்றும்போது விடுவதைவிட நேரம் வைத்து விடுவது நல்லது. முதல் சில வாரம், விழித்திருக்கும்போது 1 முதல் 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை சரியாக இருக்கும். இவ்வளவு அடிக்கடி விடுவதால் பதப்படுத்தும் ரசாயனம் சேர்க்காத, தனித்தனிச் சின்னக் குப்பிகளில் வரும் வகையை வாங்குங்கள். சாதாரணப் பாட்டிலில் உள்ள பென்சால்கோனியம் குளோரைடு அடிக்கடி பட்டால் கருவிழியின் மேல்தோலையே அரிக்கும். சிவப்பைப் போக்கிக் கண்ணை வெள்ளையாக்கும் சொட்டுகள் இதற்கு மாற்று அல்ல, அவற்றைத் தொடவே வேண்டாம். திரையைக் கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இறக்கி வையுங்கள். கீழ்நோக்கிப் பார்க்கும்போது இமை பாதி மூடியிருக்கும், காயும் பரப்பு குறையும். ஏசி, ஃபேன் காற்று முகத்தில் நேராக அடிக்கக் கூடாது. இன்னொன்று பலருக்குத் தோன்றாது: அலர்ஜிக்குச் சாப்பிடும் ஆன்டிஹிஸ்டமின் மாத்திரையும் பருவுக்குச் சாப்பிடும் ஐசோட்ரெட்டினாயினும் கண்ணை மேலும் காயவைக்கும். ஏதாவது சாப்பிடுகிறீர்கள் என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். வறட்சி முதல் 3 மாதத்தில்தான் உச்சத்தில் இருக்கும், அப்புறம் மெல்ல இறங்கும்.

இடது கண் மந்தமாக இருப்பது: இரண்டு கண்ணும் ஒரே நாளில் ஆபரேஷன் ஆனாலும் ஒரே நாளில் ஆறுவதில்லை. ஒன்றில் லேசான வீக்கம் மீதி இருக்கலாம், வறட்சி அதிகமாக இருக்கலாம், கொஞ்சம் சிலிண்டர் பவர் (கருவிழி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வளையாததால் வரும் பவர்) மிஞ்சியும் இருக்கலாம். பத்தாவது நாளில் அதைப் பிரித்துச் சொல்ல முடியாது. தினமும் காலையில் ஒவ்வொரு கண்ணாக மூடி மூடிச் சோதிக்கும் பழக்கம் வந்திருந்தால் விட்டுவிடுங்கள், அது கவலையைத்தான் வளர்க்கும். அவசரப்பட்டுக் கண்ணாடிக்கும் போக வேண்டாம். பவர் மிஞ்சினால் மறுபடி லேசர் செய்வதுண்டு, ஆனால் அளவு நிலைத்து நின்ற பிறகுதான், அதாவது குறைந்தது 3 மாதம் கழித்து.

இரவு வளையத்துக்கும் காரணம் இருக்கிறது. இருட்டில் கண்ணின் பாப்பா (நடுவில் ஒளி நுழையும் கறுப்பு வட்டம்) விரியும். லேசர் சரிசெய்த வட்டத்தின் ஓரம் வழியாகவும் அப்போது ஒளி நுழைந்து சிதறும். மடலின் மிச்ச வீக்கமும் வறட்சியும் அதைக் கூட்டும். உங்களைப் போல நடுத்தரத்துக்குச் சற்று மேலான பவரில் இது சகஜம். 3 முதல் 6 மாதத்தில் பெரும்பாலோருக்கு மறைந்துவிடும் அல்லது கவனத்துக்கு வராத அளவுக்குக் குறைந்துவிடும். மிகச் சிலருக்குத் தங்கிவிடுவதும் உண்டு, அதை மறைத்துப் பிரயோசனம் இல்லை. பரிசோதனையில் பார்வை போதும் என்று டாக்டர் சொன்னால் பகலில் வண்டி ஓட்டலாம். எதிரே வரும் விளக்கு கண்ணைப் பறிப்பது நிற்கும்வரை இரவில் ஓட்டாதீர்கள்.

இனி, கசக்கியது. உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது, ஆனால் மடல் நகர்ந்திருந்தால் நீங்கள் இப்படி யோசித்துக்கொண்டிருக்க மாட்டீர்கள். அது ரகசியமாக நடப்பதில்லை. அந்த நிமிடமே கடுமையான உறுத்தல், வலி, நிற்காத நீர், திடீர் மங்கல் என்று வந்து உங்களை டாக்டரிடம் விரட்டியிருக்கும். அப்படி எதுவும் இல்லாமல் மறுநாள் பார்வை முன்போலவே இருந்தது என்றால் மடல் இடத்தில்தான் இருக்கிறது. அடுத்த பரிசோதனையில் இதைச் சொல்லுங்கள், ஸ்லிட் லாம்ப்பில் (கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். தூக்கத்தில் கை போகிறவர் என்பதால் இன்னும் இரண்டு வாரத்துக்குக் கண்ணை மூடும் பிளாஸ்டிக் ஷீல்டு போட்டுத் தூங்குங்கள். கசக்கும் பழக்கத்தை ஒரு மாதத்துக்கு மட்டும் அல்ல, மொத்தமாகவே விட வேண்டும். லேசருக்குப் பின் கருவிழி மெலிந்திருக்கிறது. வருடக்கணக்கில் அழுத்திக் கசக்கினால் அது முன்புறம் புடைத்துவிடும் ஆபத்து கூடும். அரிப்பு இருந்தால் அதற்கு வைத்தியம் செய்துகொள்ளுங்கள்.

ஸ்டீராய்டு சொட்டை எப்போது நிறுத்துவது என்று நீங்களும் நானும் முடிவு செய்ய முடியாது, ஆபரேஷன் செய்தவர்தான் சொல்ல வேண்டும். லேசிக்கில் பெரும்பாலும் ஒன்று இரண்டு வாரத்தில் முடிந்துவிடும், பி.ஆர்.கே.யில் மாதக்கணக்கில் படிப்படியாகக் குறைப்பார்கள். கண் நன்றாக இருக்கிறதே என்று முன்கூட்டியே நிறுத்தினால் மடலுக்கு அடியில் அழற்சி கிளம்பலாம். இதமாக இருக்கிறதே என்று மருந்துக்கடையில் நீங்களே வாங்கித் தொடர்ந்தால் கண் அழுத்தம் ஏறலாம், ஏறுவது உங்களுக்குத் தெரியாது. இரண்டாவதுதான் எனக்குப் பெரிய பயம். விடும் விதத்திலும் கவனம் வேண்டும்: பாலைப் போல வெள்ளையாக இருக்கும் ஸ்டீராய்டு பாட்டிலைக் குலுக்கிவிட்டுத்தான் விட வேண்டும், மருந்து அடியில் தங்கியிருக்கும். ஒரு மருந்துக்கும் அடுத்ததற்கும் 5 நிமிடம் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் இரண்டாவது சொட்டு முதலாவதைக் கழுவிவிடும்.

ஜிம்முக்கு இப்போதே போகலாம், வியர்வை கண்ணில் வழியாதபடி நெற்றியில் ஒரு பட்டை கட்டிக்கொள்ளுங்கள். பந்து, முழங்கை, விரல் எதுவும் முகத்தில் படக்கூடிய விளையாட்டுகள் ஒரு மாதம் வேண்டாம். அப்புறமும் பாதுகாப்புக் கண்ணாடியோடு ஆடுங்கள், ஆபரேஷன் முடிந்து பல வருடம் கழித்து அடிபட்டு மடல் விலகிய சம்பவங்கள் மருத்துவப் பதிவுகளில் உண்டு. நீச்சலுக்கு ஒரு மாதம் பொறுங்கள். குளத்து நீர், குழாய் நீர் இரண்டிலும் அகந்தமீபா போன்ற கிருமிகள் இருக்கலாம், கருவிழியில் அவை பிடித்தால் சிகிச்சை மாதக்கணக்கில் இழுக்கும். கண் மை, மஸ்காராவை இரண்டு வாரம் முடிந்து புதிதாக வாங்கித் தொடங்குங்கள். வெயிலில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கறுப்புக் கண்ணாடி போடுங்கள். உங்கள் தோழிக்கு இது இன்னும் முக்கியம், பி.ஆர்.கே. செய்த கருவிழியில் வெயிலால் பனிமூட்டம் போன்ற தழும்பு வரலாம்.

நீங்கள் கேட்டவற்றில் எதுவும் அவசரம் இல்லை. அவசரமானவை வேறு: நாளுக்கு நாள் கூடும் வலி, பரவும் சிவப்பு, பீளை, வெளிச்சத்தில் கண் திறக்க முடியாத கூச்சம், நேற்றைவிட இன்று தெளிவாகக் குறைந்த பார்வை. இவற்றில் ஒன்று வந்தாலும், கண்ணில் அடிபட்டாலும், அன்றைக்கே போய்விடுங்கள், பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். (கண்ணின் வெள்ளையில் ரத்தத் திட்டு மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். ஆபரேஷனில் கண்ணைப் பிடித்த உறிஞ்சு வளையம் விட்டுப்போன அடையாளம் அது, இரண்டு வாரத்தில் கரைந்துவிடும்.)

கடைசியாக இரண்டு விஷயம். லேசர் உங்கள் கருவிழியை மாற்றியதே தவிர, மைனஸ் 5 உள்ள கண்ணின் நீண்ட உருவத்தை மாற்றவில்லை. விழித்திரை கிழியும் வாய்ப்பு முன்பு இருந்த அதே அளவுதான். திடீரென்று கறுப்புப் புள்ளிகள் பறந்தாலோ, ஓரத்தில் மின்னினாலோ, திரை இறங்குவது போல இருந்தாலோ உடனே காட்டுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை விழித்திரைப் பரிசோதனையும் தொடரட்டும். அப்புறம், ஆபரேஷனுக்கு முந்தைய பவர், கருவிழியின் வளைவு, கனம், லேசரில் எவ்வளவு சரிசெய்தார்கள் என்ற விவரம் எல்லாவற்றுக்கும் நகல் வாங்கிப் பத்திரமாக வையுங்கள். பிற்காலத்தில் கண்புரை ஆபரேஷன் செய்ய நேர்ந்தால் உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிட அவை உதவும். மெலிந்த கருவிழியில் கண் அழுத்தம் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும் என்பதால், எந்தக் கண் டாக்டரிடம் போனாலும் லேசிக் ஆனதை முதலிலேயே சொல்லுங்கள்.