மூன்றாவது ஓட்டை எங்கே போகிறது?

கே: வீட்டில் எம்.சி.பி. இருக்கிறது. ஆர்.சி.சி.பி.யும் போடச் சொல்கிறார் எலக்ட்ரீஷியன். தண்டச் செலவா?
– வாசகர், காட்பாடி

இல்லை. லோடு மீறினால் தானாக விழுந்து மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்ச்தான் எம்.சி.பி.; 16 ஆம்பியர் எம்.சி.பி. வயரைக் காப்பாற்றத்தான். ஆளைக் கொல்ல ஒரு ஆம்பியரில் சின்னப் பங்கே போதும், அதெல்லாம் எம்.சி.பி.க்கு உறைக்காது. அந்தச் சின்னக் கசிவைக் கண்டு விழுவதுதான் ஆர்.சி.சி.பி. ஆர்.சி.சி.பி. வாங்கும்போது 30 மில்லி ஆம்பியர் என்று பார்த்து வாங்குங்கள். 100, 300 எல்லாம் தீ விபத்தைத் தடுப்பதற்கானவை. கடைக்காரர் "ஸ்டாக்கில் இதுதான் சார்" என்று தள்ளிவிடுவார்.

கே: புது எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டி கிரைண்டர் ஓட்டினால், மாவு தள்ளும்போது கை சுர்ரென்கிறது. சுவர் ப்ளக்கில் நேராக மாட்டினால் ஒன்றுமில்லை. கிரைண்டர் போய்விட்டதா?
– வாசகி, குடியாத்தம்

முதலில் அந்த பாக்ஸைக் கழற்றி ஓரமாக வையுங்கள் அம்மா. கிரைண்டரில் எங்கோ கசிவு இருக்கிறது, மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஆனால் உங்களை ஏமாற்றியது பாக்ஸ்தான்.

அதன் வயர் முனையில் உள்ள ப்ளக்கைப் பாருங்கள். இரண்டு பின்தானே? மேலே மூன்று ஓட்டை வைத்துவிட்டு, கீழே இரண்டு கம்பி வயரை இழுத்து விற்கிறார்கள். மூன்றாவது ஓட்டை எர்த்துக்கானது. இந்தப் பாக்ஸில் அது எங்கேயும் போகவில்லை. கிரைண்டர் பாடியில் கசிந்த மின்சாரம் இறங்க வழியில்லாமல் நிற்கிறது, ஈரக்கை பட்டதும் உங்கள் வழியாக இறங்குகிறது. சுவர் ப்ளக்கில் எர்த் இருப்பதால் அங்கே தெரியவில்லை. எர்த் இல்லாத இடத்தில் ஆர்.சி.சி.பி.கூட, யாராவது தொட்ட பிறகுதான் விழும்.

மூன்று பின் இருந்தாலும் நம்ப முடியாது. என் வீட்டுப் பரணில் ஒன்று கிடக்கிறது: மூன்று பின், விரல் தடிமனுக்குக் கறுப்பு வயர், நீல விளக்கு. கழற்றினால் உள்ளே இரண்டே கம்பி, மிச்சமெல்லாம் ரப்பர். ஐம்பது ரூபாய் மிச்சம் பார்த்து வாங்கியது. இதைச் செய்கிறவனுக்கு எர்த் என்றால் என்னவென்று தெரியாதா? நன்றாகத் தெரியும், தெரிந்துதான் அந்த ஓட்டையைப் போடுகிறான்.

வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள், அதோடு சி.எம்/எல் எண் என்ற உரிம எண் இருக்கும். முத்திரை தரும் அரசு அமைப்பான பி.ஐ.எஸ்.ஸின் 'பி.ஐ.எஸ். கேர்' ஆப்பில் அந்த எண்ணை அடித்துப் பாருங்கள்.

கே: டிரில்லிங் மெஷினுக்கு இரண்டு பின்தான் கொடுத்திருக்கிறார்கள். ஏமாந்துவிட்டேனா?
– வாசகர், ராணிப்பேட்டை

சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருந்தால் ஏமாறவில்லை; அது இரட்டைக் காப்பு, எர்த் வேண்டாம். ஈரத்தில் மட்டும் மெஷினை ஓட்டாதீர்கள்.

கே: 6 ஆம்பியர் பாக்ஸில் அயர்ன் பாக்ஸ், கெட்டில் இரண்டும் போட்டேன். உருகிவிட்டது. கம்பெனி மீது வழக்குப் போடலாமா?
– வாசகர், வாலாஜாபேட்டை

இரண்டும் சேர்ந்து 2500 வாட் என்றாலே 230 வோல்ட்டில் 11 ஆம்பியர் ஆகிறது. பாக்ஸ் மேலேயே 6 என்று எழுதியிருந்ததாக நீங்களே சொல்கிறீர்கள். யார் மீது வழக்கு?

கே: இரண்டு வாரம் முன்பு வாங்கிய கேபிள் ரீலில் முதல் நாளே ஒரு ஓட்டையில் தீப்பொறி. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லில் இருக்கிறது என்கிறார் கடைக்காரர்.
– வாசகி, ஆற்காடு

அச்சடித்தால் சட்டமாகிவிடாது. பழுதான பொருளை, பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிகம். ரீலையும் பில்லையும் போட்டோ எடுத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். மசியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. மாற்றுப் பொருள் கொடுத்தால் கடையிலேயே மாட்டிப் பார்த்து வாங்குங்கள். ஓட்டும்போது ரீலை முழுக்கப் பிரித்துவிடுங்கள், சுற்றியபடி ஓட்டினால் வயர் சூடேறும்.